ஒரு காலடியும் 480 டன் பனியும்

எடை பொருந்தாத கணக்கு

இமயமலையில் பனிச்சரிவு என்ற செய்தியைப் படிக்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். அந்தப் பனி நேற்றும் அங்கேதான் இருந்தது; பல நேரங்களில் முந்தின வாரமும் அங்கேதான் இருந்தது. அத்தனை நாள் அசையாமல் கிடந்தது, மனிதர்கள் ஏறிய நேரம் பார்த்து ஏன் இறங்க வேண்டும்? 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்ட் மாநிலத்தின் திரௌபதி கா டாண்டா சிகரத்தில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. மேலும் இருவர் அப்போது கிடைக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர், அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டுத் திரும்பியிருந்த பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். மலையை அறியாதவர்கள் விளையாட்டாகப் போய் மாட்டிக்கொண்ட நிகழ்வு அல்ல அது. இத்தகைய செய்திகளை விதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் பனி ஏன் அந்த இடத்தில் உடைகிறது என்ற கேள்விக்கு இன்று அறிவியலிடம் தெளிவான விடை இருக்கிறது. எந்த நிமிடத்தில் உடையும் என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் உயிர் பிழைக்கும் வழி அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மலைச்சாய்வில் 50 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் கனத்தில் பனி கிடப்பதாக வைத்துக்கொள்வோம். உயிரைக் குடிக்கும் பனிச்சரிவுகளில் இது பெரியதன்று. காற்றால் ஓரளவு இறுகிய பனியின் எடை கன மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அப்படியானால் அந்தப் பரப்பில் இருப்பது 480 டன். அதன்மேல் கால் வைப்பவரின் எடை, முதுகுப்பையோடு சேர்த்து 80 கிலோ. பனியின் எடையில் இது ஆறாயிரத்தில் ஒரு பங்கு. 480 டன்னைத் தாங்கி நின்ற மலை, கூடுதலாக 80 கிலோவைத் தாங்க முடியாமல் போயிற்று என்று சொன்னால், அது சரியாக அறுந்துபோகும் விளிம்பில் நின்றிருக்க வேண்டும். இத்தனை மலைகளில், இத்தனை விபத்துகளில், ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு தற்செயல் நிகழாது. ஆகவே எடையோடு எடையை ஒப்பிடும் நம் கணக்கே தவறாக இருக்க வேண்டும். அந்த மனிதர் 480 டன்னைத் தள்ளவில்லை. வேறு எதையோ செய்திருக்கிறார்.

பனிக்கும் அடிநிலம் உண்டு

மலையில் கிடக்கும் பனியைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால், அது ஒரே பொருளாக இருக்காது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒவ்வொரு வெயில் நாளும் ஒவ்வொரு புயற்காற்றும் தனித்தனி அடுக்காகப் பதிந்திருக்கும். சில அடுக்குகளில் விரலைக்கூட நுழைக்க முடியாது. சில அடுக்குகள் கையுறையால் தடவினாலே பொலபொலவென உதிரும். ஆபத்தான பனிச்சரிவுக்கு மூன்று கூறுகள் வேண்டும். மேலே, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரே துண்டாக நிற்கும் பனி. இதைப் பனிப்பாளம் என்று அழைப்போம். அதன் கீழே, பிடிப்பில்லாத படிகங்களாலான மெல்லிய அடுக்கு, இது நலிவடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில், வழுக்கிச் செல்ல இடம் தரும் சாய்வு. பாளம் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. பிடிப்பில்லாத தூள்பனி மட்டும் இருந்தால், கால்பட்ட இடத்தில் கொஞ்சம் உதிர்ந்து ஓடும், அவ்வளவுதான். மேலே உள்ளது உறுதியாக இருப்பதால்தான் ஓரிடத்தில் நேர்ந்த முறிவு ஐம்பது மீட்டர் தொலைவுக்குக் கடத்தப்படுகிறது.

நலிவடுக்கு எப்படி உருவாகிறது என்பதற்கான எளிய சான்று நம் நீலகிரியிலேயே கிடைக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் உறைபனி என்று நாளிதழ்களில் படம் வரும். குதிரைப் பந்தய மைதானத்துப் புல்வெளி விடியலில் வெள்ளையாகக் கிடக்கும். அது வானிலிருந்து விழுந்ததன்று. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானவெளிக்கு இழந்து, மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றிலுள்ள நீராவி அந்தப் புல்லின் மேல் நீராகாமல் நேரே படிகமாகப் படிகிறது. பனிமலையின் மேற்பரப்பிலும் இதே இரவில் இதே செயல்தான் நடக்கிறது. அங்கே குளிர் கடுமையாகவும் நாள்கணக்கிலும் நீடிப்பதால் படிகங்கள் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, இறகுகள்போல் செங்குத்தாக நிற்கின்றன. வெயிலோ காற்றோ அவற்றை அழித்துவிட்டால் சிக்கல் இல்லை. அதற்கு முன் அடுத்த பனிப்பொழிவு வந்து மூடிவிட்டால், அந்தப் படிகங்கள் நின்ற நிலையிலேயே புதைகின்றன. மேலே ஏறும் எடையை அவை வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் அசைத்தாலோ ஓரிடத்தில் நொறுக்கினாலோ தாக்குப்பிடிக்காது.

இரண்டாவது வழி இன்னும் நீடித்த ஆபத்தைத் தருவது. பனிக்கு அடியிலுள்ள தரை பெரும்பாலும் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ காற்றின் குளிரைப் பின்பற்றும். இந்த வேறுபாட்டால் பனிக்குள்ளேயே நீராவி கீழிருந்து மேல்நோக்கி நகர்கிறது. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினால், நீராவி வேகமாக நகர்ந்து, உருண்டைத் துகள்களைக் கோணலான, பட்டை தீட்டியதுபோன்ற படிகங்களாக மாற்றிவிடும். அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. மலையேறிகள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். வேறுபாடு குறைவாக இருந்தால் எதிரானது நடக்கிறது: துகள்கள் உருண்டு, தொடும் இடங்களில் ஒட்டி, பனி வலுப்பெறுகிறது. மேற்பரப்பில் மைனஸ் 15 டிகிரி என்று கொள்வோம். ஒரு மீட்டர் பனி இருக்கும் இடத்தில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றரை டிகிரி வருகிறது, பனி நலிகிறது. மூன்று மீட்டர் பனி இருக்கும் இடத்தில் அரை டிகிரிதான் வருகிறது, பனி வலுக்கிறது. பனி குறைவாக விழுந்த ஆண்டில் ஆபத்தும் குறைவு என்று நம்புவோர் பலர். இந்தக் கணக்கு அந்த நம்பிக்கையைத் தகர்க்கிறது. மெல்லிய பனிதான் தன் அடித்தளத்தை எளிதில் இழக்கிறது.

இப்படி நல்ல வானிலை நலிவடுக்கை உண்டாக்க, மோசமான வானிலை அதன்மேல் பாளத்தை ஏற்றுகிறது. பாளத்தை அமைப்பதில் பனிப்பொழிவைவிடக் காற்றின் பங்கு பெரியது. காற்று மலைமுகட்டின் ஒருபக்கப் பனியை வாரி, மறைவுப் பக்கத்தில் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழுவதைவிடப் பலமடங்கு விரைவாக அங்கே பனி சேர்கிறது. வழியில் படிகங்கள் உடைந்து சிறுதுகள்களாவதால் நெருக்கமாக அடுக்கப்பட்டு இறுகவும் செய்கின்றன. வானம் தெளிந்த மறுநாள், பார்ப்பதற்கு மெத்தென்று அழைக்கும் அந்த மறைவுப் பக்கமே மலையில் மிக மோசமான இடமாக இருக்கக்கூடும்.

விரிசலுக்கு எடை தேவையில்லை

இப்போது நம் 480 டன் சாய்வுக்குத் திரும்புவோம். பனி ஆய்வாளர்கள் களத்தில் செய்யும் ஒரு சோதனை, புதிரை ஏறக்குறைய முழுதாக விடுவித்துவிடுகிறது. கனடாவிலும் சுவிட்சர்லாந்திலும் 2000-களின் நடுப்பகுதியில் உருவான சோதனை இது. பனியில் 30 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள ஒரு தூணை, நாற்புறமும் பனியை அகற்றித் தனியாக நிறுத்துகிறார்கள். பிறகு பனி அறுக்கும் ரம்பத்தை நலிவடுக்கில் செருகி, ஒரு முனையிலிருந்து மெதுவாக அறுத்துக்கொண்டே போகிறார்கள். பத்து சென்டிமீட்டர், இருபது சென்டிமீட்டர் வரை எதுவும் நடக்காது. ஏதோ ஒரு நீளத்தை எட்டியதும், ரம்பம் தொடாத மீதி முழுவதும் தானாகவே ஒரு நொடியில் அறுந்துவிடுகிறது. அறுத்தவர் கையில் கூடுதல் விசை எதுவும் இல்லை. அந்த நீளத்துக்குப் பிறகு, பாளத்தின் சொந்த எடையே விரிசலை நடத்திச் செல்கிறது.

ஆக, மனிதர் செய்ய வேண்டியது ஒரு மீட்டருக்கும் குறைவான ஒரு தொடக்க விரிசலை உண்டாக்குவது மட்டும்தான். கால் அழுத்தும் இடத்தில் நலிவடுக்கின் படிகங்கள் நொறுங்கி ஓரிரு மில்லிமீட்டர் அமுங்குகின்றன. மேலிருந்த பாளம் அங்கே ஆதாரமிழந்து வளைகிறது. அந்த வளைவு பக்கத்துப் படிகங்களின்மேல் எடையை ஏற்றுகிறது, அவையும் நொறுங்குகின்றன. இந்த நொறுங்கல் சமதளத்தில்கூட ஓடும். அப்போது காலடியில் ‘வும்ப்’ என்ற அடங்கிய ஓசை கேட்கும், பனிப்பரப்பு இலேசாக இறங்குவதை உடல் உணரும். சமவெளியில் இப்படி ஓடும் முறிவின் வேகத்தை அளந்தபோது அது நொடிக்குச் சுமார் 20 மீட்டராக இருந்தது. செங்குத்தான சாய்வுகளில் அது நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டக்கூடும் என்று 2022-இல் நேச்சர் ஃபிசிக்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் 60 மீட்டர்ச் சாய்வை அது கடக்க ஒரு நொடிகூட ஆகாமல் போகலாம். 480 டன்னும் தன்னைத்தானே அறுத்துக்கொள்கிறது. மனிதர் அந்த அறுப்பின் முதல் பல்லை மட்டும் பதித்தார். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு, சிக்கியவராலோ அவருடன் வந்தவராலோ தூண்டப்பட்டவை என்று விபத்து ஆவணங்கள் காட்டுவதும் இதனால்தான்.

முப்பது டிகிரி

நலிவடுக்கு அறுந்ததும் பனி இறங்கியாக வேண்டும் என்பதில்லை. இறங்குவதும் நிற்பதும் சாய்கோணத்தைப் பொறுத்தது. அறுந்த பாளத்துக்கும் அடிப்பரப்புக்கும் இடையிலுள்ள உராய்வு, 30 டிகிரி சாய்வில் இழுவிசைக்குச் சமமாகிறது என்று கொள்வோம். கள அனுபவமும் இதை ஒட்டியே இருக்கிறது. நம் 480 டன் 38 டிகிரி சாய்வில் கிடந்தால், கீழ்நோக்கி இழுக்கும் பங்கு ஏறத்தாழ 295 டன் எடைக்குச் சமம். உராய்வு பிடித்து நிறுத்தக்கூடியது 218 டன். மீதி 77 டன் இழுவையை எதிர்க்க எதுவும் இல்லை, பாளம் புறப்பட்டுவிடும். அதே பனி, அதே நலிவடுக்கு, அதே மனிதர், 25 டிகிரி சாய்வில் இருந்தால்? இழுப்பது 203 டன், பிடிப்பது 251 டன். நலிவடுக்கு நொறுங்கும், ஓசை கேட்கும், ஒருவேளை பனியில் ஒரு கோடு விழும். மனிதர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

மறுமுனையிலும் எல்லை உண்டு. 50, 55 டிகிரியைத் தாண்டிய செங்குத்துப் பாறைகளில் பனி விழவிழ உதிர்ந்துவிடுவதால் கனமான பாளம் சேர்வதில்லை. ஆகவே பாளச்சரிவுகளில் மிகப்பெரும்பாலானவை 30-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சாய்வுகளில் தொடங்குகின்றன. 38 டிகிரியை ஒட்டியவையே அவற்றில் அதிகம். கொடுமை என்னவென்றால், பனிச்சறுக்குக்கும் விரைவான ஏற்றத்துக்கும் மனம் நாடுவதும் இந்தக் கோணங்களைத்தான். 28 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது பயிற்சி பெற்றவருக்கும் கடினம். கையடக்கச் சாய்வுமானி சொல்லிவிடும். கோணங்களுக்கு வண்ணம் தீட்டிய நிலப்படம் வீட்டிலேயே சொல்லிவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனியைப் பற்றி இதுவரை சொன்ன எல்லாமே நாளுக்கு நாள், மீட்டருக்கு மீட்டர் மாறுபவை. சாய்கோணம் மட்டும் மாறாதது. என் வாதம் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது: பனி பற்றிய நம் அறிவு எப்போதும் குறைவுபட்டதே; நிலம் பற்றிய அறிவை முழுமையாக்கிக்கொள்ள முடியும்; ஆகவே முடிவை நிலத்தின்மேல் வைக்க வேண்டும்.

ஒரு குளிர்காலம், இரண்டு சாய்வுகள்

இந்த வாதத்துக்கு வரலாறு கொடுத்த மிகக் கசப்பான சான்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள செல்கிர்க் மலைத்தொடரில் 2002–03 குளிர்காலத்தில் நடந்தது. 2002 நவம்பரில் அங்கே பனிமேல் மழை பெய்தது. மழைநீர் உறைந்து கெட்டியான ஏடாயிற்று. அதன்மேல் குளிர்ந்த, உலர்ந்த நாள்கள் வந்தன. ஏட்டுக்கும் அதை மூடிய மெல்லிய புதுப்பனிக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு கூடியதால், அங்கே பிடிப்பற்ற கோணப் படிகங்கள் வளர்ந்தன. பிறகு குளிர்காலம் முழுவதும் பனி அதன்மேல் சேர்ந்துகொண்டே போயிற்று. வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால் நவம்பர் அடுக்கு அடியில் ஆறாமல் இருந்தது. அது இருப்பது அப்பகுதியின் தொழில்முறை வழிகாட்டிகளும் ஆய்வாளர்களும் அறிந்த செய்திதான். எந்தச் சாய்வில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, எதில் வலுப்பட்டுவிட்டது என்பதைத்தான் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2003 ஜனவரி 20 அன்று ரெவெல்ஸ்டோக் நகருக்கு அருகே, டுரண்ட் பனியாற்றுப் பகுதியில், வழிகாட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்த பனிச்சறுக்குக் குழுவின்மேல் அந்த அடுக்கு முறிந்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் கிரெய்க் கெல்லி; பலமுறை உலக வாகையர் பட்டம் வென்ற பனிச்சறுக்குப் பலகை வீரர், அப்போது மலை வழிகாட்டியாவதற்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். நவம்பரில் பெய்த மழையின் பின்விளைவு, இரண்டு மாதங்கள் கழித்து ஜனவரியில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. புதுப்பனி சில நாள்களில் இறுகிவிடும், பிறகு பயமில்லை என்ற பொதுவிதி பல சூழல்களில் சரியே. இறகுப் படிகங்களும் கோணப் படிகங்களும் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. அவை வாரங்களையும் மாதங்களையும் கடந்து நீடிக்கும். மனித நினைவோ இரண்டாவது வாரத்திலேயே அவற்றை மறக்கத் தொடங்கிவிடுகிறது.

பன்னிரண்டே நாள்களில், பிப்ரவரி 1 அன்று, அதே மலைத்தொடரின் ரோஜர்ஸ் கணவாயில் இன்னொரு பேரிழப்பு. 14 பள்ளி மாணவர்களும் மூன்று பெரியவர்களும் கொனாட் ஓடைப் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கில் போய்க்கொண்டிருந்தனர். அவர்கள் எந்தச் செங்குத்தான சாய்வையும் ஏறவில்லை. பள்ளத்தாக்கின் அடியில்தான் இருந்தனர். மேலே சியாப்ஸ் மலைமுகத்தில் தானாகப் புறப்பட்ட பனிச்சரிவு பள்ளத்தாக்குவரை பாய்ந்து பதினேழு பேரையும் சூழ்ந்தது. அருகில் இருந்த இரு தொழில்முறை வழிகாட்டிகள் ஓடிவந்து தோண்டியும், ஏழு மாணவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவால் இறந்தவர்கள் மொத்தம் 29 பேர்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நிலத்தை அறிதல் என்ற சொற்றொடரின் முழுப்பொருள் விளங்கும். காலுக்கடியில் உள்ள கோணத்தை அறிந்தால் போதாது. தலைக்குமேல் என்ன இருக்கிறது, அது புறப்பட்டால் எங்கே வந்து நிற்கும் என்பதையும் அறிய வேண்டும். நின்ற இடம் சமதளமாக இருந்தாலும், மேலே 38 டிகிரியில் பனி ஏந்திய மலைமுகம் இருந்தால், அது பனிச்சரிவு நிலமே. கனடா இந்தப் பாடத்தைத்தான் கற்றது. பார்க்ஸ் கனடா 2004-இல் வெளியிட்ட தரவரிசை, மலைப்பாதைகளை எளியவை, சவாலானவை, சிக்கலானவை என்று மூன்றாகப் பிரித்தது. அன்றன்றைய பனியின் நிலையை அந்தத் தரவரிசை கணக்கில் எடுப்பதே இல்லை. சாய்கோணம், மரங்களின் அடர்த்தி, மேலிருந்து பனி பாயும் வழிகள், ஒதுங்கி நிற்க இடம் உண்டா என்பன போன்ற நிலையான கூறுகளை மட்டுமே பார்க்கிறது. அதே ஆண்டில் பொதுமக்களுக்கான கனடியப் பனிச்சரிவு மையமும் தொடங்கப்பட்டது.

தோண்டிப் பார்த்தால் தெரியாதா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். ரம்பத்தால் அறுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறதே. ஏறுவதற்கு முன் ஒரு குழி தோண்டிச் சோதித்துவிட்டு, நல்லது என்றால் போகலாமே? சோதனை பயனுள்ளதுதான், ஆனால் அதன் பயன் ஒருதலையானது. குழியில் பனி எளிதாக அறுந்தால், அது நம்பத்தக்க எச்சரிக்கை, திரும்பிவிட வேண்டும். அறுபடாவிட்டால், அந்த ஒரு சதுர மீட்டரில் அறுபடவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பத்து மீட்டர் தள்ளி, பாறை ஒன்று அடியில் துருத்தி நிற்கும் இடத்தில் பனி மெலிந்திருக்கும்; மெலிந்த இடத்தில் நலிவு அதிகம், பாளமும் சன்னம், காலின் அழுத்தம் எளிதாக உள்ளே இறங்கும். சாய்வு உடைவது பெரும்பாலும் அத்தகைய இடத்தில்தான். ‘ஒன்பது பேர் கடந்து போய்விட்டார்கள், எனக்கு மட்டும் என்ன ஆகிவிடும்?’ என்ற வாதத்துக்கும் இதுவே பதில். ஒன்பது பேரும் கனமான பகுதியின்மேல் போயிருக்கலாம். பத்தாமவர் இரண்டு மீட்டர் விலகி அந்த மெலிந்த இடத்தை மிதிக்கலாம். முன்சென்றவரின் சுவடு, அவர் பிழைத்தார் என்பதற்குத்தான் சாட்சி.

வேறொரு சிக்கல் மனிதருக்குள்ளேயே இருக்கிறது. பனிமலை நமக்குச் சரியான பாடத்தைச் சொல்லித்தருவதில்லை. ஒருவர் ஆபத்தான சாய்வை இருபது முறை கடந்து ஒன்றும் ஆகாவிட்டால், தன் கணிப்புத்திறன்தான் காரணம் என்று மனம் பதிந்துகொள்கிறது. அது வெறும் நற்பேறாக இருந்திருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்காமன், 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளின் ஆவணங்களை ஆராய்ந்தார். பெரும்பாலானவற்றில் ஆபத்தின் அடையாளங்கள் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தன. பழகிய இடம் என்ற துணிவு, போட்ட திட்டத்தை மாற்ற மனமின்மை, குழுவில் அனுபவசாலி ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை, மற்றவர் முன் பின்வாங்கத் தயக்கம் ஆகியவை அந்த அடையாளங்களை மறைத்தன. பயிற்சி பெற்றவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. அறிவு போதாமையால் இறந்தவர்களைவிட, இருந்த அறிவை அந்த நேரத்தில் கேட்காமல் இறந்தவர்கள் அதிகம் என்றே அந்த ஆவணங்களைப் படிக்கும்போது தோன்றுகிறது. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் 1990-களில் எளிய வாய்ப்பாடு ஒன்றை முன்வைத்ததன் அருமை இங்கேதான் புலப்படும். ஐரோப்பிய எச்சரிக்கை அளவுகோல் ஐந்து படிகள் கொண்டது. இரண்டாம் படி அறிவிக்கப்பட்ட நாளில் 40 டிகிரிக்குள், மூன்றாம் படியில் 35-க்குள், நான்காம் படியில் 30-க்குள் இருந்துகொள்ளச் சொன்னார் அவர். மலையில் களைத்து, குளிர்ந்து, நண்பர்களின் உற்சாகத்துக்கு நடுவே நிற்கும் மனம் பனியை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லத் தகுதியான நிலையில் இல்லை. முந்தின இரவு எடுத்த முடிவு அதைக் காக்கிறது. மூன்றாம் படியை ஐந்தில் நடு, ஆகவே பாதி ஆபத்து என்று படிப்பதும் தவறு. படிகள் ஒரே அளவில் உயர்வதில்லை; சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு இறப்புகளில் ஏறத்தாழப் பாதி நிகழ்வது மூன்றாம் படி நாள்களில்தான்.

கருவிகள் காக்காவா?

அடுத்த மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்தது. புதைந்தவரைக் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சைகை அனுப்பும் கருவி, துழாவுகோல், மண்வெட்டி, பனியின் மேலே மிதக்கச் செய்யும் காற்றுப்பை எல்லாம் வந்துவிட்டனவே. அவை கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் பனிமலைக்குள் போவது உடன் வருபவருக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அவை தருவது எவ்வளவு என்பதை எண்களிலேயே பார்க்க வேண்டும். முழுதாகப் புதைந்தவர்கள் பற்றி 2024-இல் வெளியான சுவிஸ் ஆய்வின்படி, பத்து நிமிடத்துக்குள் மீட்கப்பட்டால் உயிர் பிழைப்போர் சுமார் 91 விழுக்காடு. முப்பது நிமிடம் ஆகும்போது அது 31 விழுக்காட்டுக்கு விழுந்துவிடுகிறது. இறங்கும்போது நொறுங்கிய பனித்துகள்கள், நின்ற கணத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. தான் வெளிவிட்ட மூச்சையே திரும்ப உள்ளிழுத்து மூச்சடைக்கிறார். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் கடந்திருக்கும். கூட வந்தவர்கள் பதறாமல், பழகிய கையோடு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பனியை வெட்டி அள்ள வேண்டும். காற்றுப்பை பற்றிய 2014-ஆம் ஆண்டு ஆய்வு, அது விரிந்தவர்களிடையே இறப்பு 22-இலிருந்து 11 விழுக்காடாகக் குறைவதைக் காட்டியது. பாதிப் பேரைக் காப்பது பெரிய சாதனை. மீதிப் பாதியை அதனால் காக்க முடியவில்லை. பாறையிலும் மரத்திலும் மோதி நேரும் காயங்களுக்கு அதனிடம் பதில் இல்லை. கருவியை நம்பி, அது இல்லாவிட்டால் போகமாட்டோம் என்ற சாய்வுக்குப் போனால், அது தந்த காப்பை நாமே செலவழித்துவிடுகிறோம்.

அப்படியானால் மலைக்கே போகக் கூடாதா?

கடைசி மறுப்புதான் மலையை நேசிப்பவர்களின் உண்மையான மறுப்பு. இத்தனை ஆபத்தையும் எண்ணினால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே என்கிறார்கள். நிலத்தை வைத்து முடிவெடுப்பதன் சிறப்பே, அது மலையை மூடிவிடுவதில்லை என்பதுதான். 30 டிகிரிக்குக் குறைந்த, மேலே பனிமுகங்கள் தொங்காத முகடுகளும் காடுகளும் பரந்த மேடுகளும் எந்த மலைத்தொடரிலும் ஏராளம். பனி மோசமாக இருக்கும் வாரங்களில் அவற்றில் போகலாம். பனி வலுப்பட்ட காலத்தில், எச்சரிக்கை தணிந்தபின், செங்குத்தான இடங்களை ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடக்கலாம். ஆபத்தே இல்லாத பயணமாக அது ஆகிவிடாது. ஆனால் பிழை நேர்ந்தாலும் உயிரை எடுக்காத இடத்தில் அந்தப் பிழை நேரும். 25 டிகிரி சாய்வில் நம் கணிப்பு தவறினால் ஓர் ஓசையைக் கேட்டுத் திரும்பலாம். 38 டிகிரி சாய்வில் தவறினால் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது.

கேதார்காந்தா போன்ற குளிர்காலப் பனிநடைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் இப்போது ஆர்வத்தோடு போகிறார்கள். பனியையே முதன்முறை காண்பவர்களிடம் படிகங்களை ஆராய்ந்து முடிவெடுக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனால் பணம் கட்டும் முன் பயண ஏற்பாட்டாளரிடம் நான்கு கேள்விகளை யாரும் கேட்கலாம். பாதையில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வுகள் எங்கெங்கே உள்ளன? பாதைக்கு மேலே இருக்கும் மலைமுகங்களிலிருந்து பனி எங்கே வந்து விழும்? பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை யார் தினமும் பார்க்கிறார்கள்? எச்சரிக்கை உயர்ந்தால் குழு எந்த மாற்றுப் பாதையில் போகும்? பனி நன்றாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் இவற்றில் எதற்கும் பதிலாகாது. இந்தக் கேள்விகளுக்கு நிலப்படத்தை விரித்துக் காட்டி விடை சொல்பவருடன் போகலாம். விடை சொல்ல முடியாதவருடன் போகாமலிருப்பது, மலை பற்றி ஒருவர் எடுக்கும் முதல் அறிவார்ந்த முடிவு. அதைப் பனியில் கால் வைக்கும் முன்பே எடுத்துவிட முடியும்.